பாவு பிணைத்த இடம்

பொள்ளாச்சி,
ஞாயிறு, பொழுதோட.

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்தது. சின்னவளுக்குச் சென்னிமலைப் பக்கமே இடம் அமைந்ததில் எங்களுக்கும் நிம்மதி. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவோம். இங்கே வாடல் நோய் வந்து பதினெட்டுத் தென்னையை வெட்டியாச்சு. எல்லாம் அப்பா வைத்தவை. தோப்பில் அந்த மூலைக்குப் போகவே மனசு வரவில்லை. சரி, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நம் இங்கிலாந்து ராக் குழு பிங்க் ஃபிளாய்ட் 1973க்கு அப்புறம் வேறு குழுவாகிவிட்டது, பெயர் மட்டும்தான் பழசு என்று எழுதியிருந்தாயே, ஒரு வாரமாக அதே நினைப்பு. தினமும் பொழுதோட தோட்டத்து வீட்டுச் சாளைத் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் ஆல்பங்களை 1967இலிருந்து வரிசையாகக் கேட்டு முடித்தேன். நீ சொல்வதை ஏற்க முடியவில்லை மாப்ள.

முதல் ஆல்பத்தில் பெரும்பாலும் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான சிட் பேரட் எழுதிய பாட்டுகள். பூனை, சைக்கிள், சோளக்கொல்லைப் பொம்மை என்று ஒரு குழந்தையின் உலகம். சீக்கிரமே அவர் மனநிலை குலைந்தது. 1968 ஜனவரியில் ஒரு நாள், கச்சேரிக்குக் கிளம்பிய மற்றவர்கள் அவரை அழைத்துப்போக வண்டியைத் திருப்பவே இல்லை. அவர் இடத்தில் கிட்டாரோடு டேவிட் கில்மோர் நின்றார். பாட்டு கட்டுகிற ஆள் இல்லாமல் போனதால் மீதிப்பேர் ஓசையைக் கட்டப் பழகினார்கள். 1971இல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க, 23 நிமிஷம், ஒரே பாட்டு. குழுவின் கீபோர்டுக்காரர் ரிக் ரைட் பியானோவில் ஒற்றைச் சுரத்தைத் தட்டுவார், ஆழக் கிணற்றில் சொட்டு விழுகிற மாதிரி.

1973இல் வந்த காசுப் பாட்டு உனக்கு மறந்திருக்காது. நாணயம் குலுங்குவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது எல்லாவற்றையும் பதிவு செய்து, டேப்பை அளந்து வெட்டி ஒட்டி, வளையமாக ஓடவிட்டார்கள். ஏழு சத்தம், ஏழு எண்ணிக்கை, நம் மிஸ்ர சாபு மாதிரி. ஹாஸ்டலில் நீ தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "நாலுக்குள்ள நிக்கவே மாட்டேங்குது" என்றாய். கில்மோரின் கிட்டார் தனியாக எழும்போது மட்டும் தாளம் நாலுக்கு வந்துவிடும்.

நீ கைவிட்ட இடத்துக்கு அடுத்த ஆல்பம் 1975இல் வந்தது. கில்மோரின் நாலே சுரத்தில் எழுகிற அந்த நீளப் பாட்டு சிட்டைப் பற்றியதுதான். அதன் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்து, உடம்பு பெருத்த ஒருவர் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். கூடவே வாசித்தவர்களுக்கே சிட் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

இந்த வாரம்தான் ஒன்றைக் கவனித்தேன். அந்த ஆல்பத்தின் கடைசியில், ஓசை தேய்ந்து மறைகிற நேரம், 1967இல் சிட் எழுதிய ஒரு பாட்டின் மெட்டை ஒரு துண்டு மட்டும் ரைட் வாசித்துவிட்டுப் போகிறார். உன் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால் அறுத்து எறிந்துவிட்டா ஆரம்பிக்கிறாய்? அச்சில் நிற்கும் பழைய நூலோடு புது நூலை இழை இழையாகப் பிணைக்கிறாய். அந்த முடிச்சுதான் மாப்ள இது.

பிறகு 1979, 1983 ஆல்பங்களில் பேஸ் கிட்டார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸின் கை ஓங்கியது, குழு ஒரே ஆளின் குரலாகச் சுருங்கியது. 1985இல் அவரும் விலகினார். 1987 ஆல்பத்தின் டிரம்ஸ் சத்தம் அந்தக் காலத்து மோஸ்தர், எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 1994இல் ரைட் மறுபடி பாட்டு எழுத உட்கார்ந்ததும் 1971இன் காற்று திரும்பி வீசுகிறது. 2008இல் அவர் இறந்தார். 2014இல் வந்த கடைசி ஆல்பத்தைப் பெரும்பாலும் அவர் முன்பு வாசித்துவைத்த பதிவுகளைக் கொண்டே செய்தார்கள். பாடுவது கிட்டத்தட்ட இல்லை, வாத்தியம்தான்.

காந்திபுரத்தில் நாம் பதிவு செய்து வாங்கிய கேசட் உன்னிடம் இருந்தால் தேடி வை. கல்யாண வேலையெல்லாம் ஓய்ந்த ராத்திரி, தறிச் சத்தமும் நின்ற பிறகு, மணியோசையோடு தொடங்குகிற அந்த 1994 பாட்டை உனக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

தங்கச்சியிடமும் பிள்ளைகளிடமும் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்