பெயர் புதுசு, கோர் அதே பத்துதான்

அன்புள்ள அருணுக்கு,

நீ அனுப்பிய லேப்டாப் விவரத்தைப் பார்த்தேன். இன்டெல்லின் கோர் 5 120யூ பிராசஸர், எக்ஸ்சேஞ்ச் போக மேலே 35,000 ரூபாய் போடணும் என்கிறாய். பாலிடெக்னிக் லேபில் மெஷின்களோடு மல்லுக்கட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், வேண்டாம்டா.

உன்னிடம் இருப்பது 2022-இல் வந்த இன்டெல் ஐ5-1235யூ. கோர் என்றால் பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி. பெரிய கோர் 2, சின்ன கோர் 8, கேஷ் என்கிற உள் நினைவகம் 12 எம்பி, மின்சாரம் 15 வாட். அடுத்த வருஷம் வந்த 1335யூவிலும் இதே கணக்குதான். 2024-இல் ‘ஐ’யைத் தூக்கிவிட்டு 120யூ என்று பெயர் வைத்தார்கள். எண்ணிப் பார், மறுபடியும் அதே பத்து. ஏறியது உச்ச வேகம் மட்டும்: 4.4, 4.6, இப்போது 5 கிகாஹெர்ட்ஸ். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். மெல்லிசான லேப்டாப்பில் சூடு ஏறியதும் தானாக இறங்கிவிடும். போட்டி கம்பெனி ஏஎம்டி பக்கமும் இந்த வேலை உண்டு. 2022-இல் வந்த ரைசன் 5 7520யூவுக்குள் இருப்பது 2019-இன் ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு.

எல்லாத் தலைமுறையும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். 2017-இல் ஐ5-7200யூவுக்கு அடுத்து 8250யூ வந்தபோது, அதே 15 வாட்டில் 2 கோர் 4 ஆனது. அது காசு கொடுத்து மாற வேண்டிய மாற்றம்.

உன் மெஷின் திணறுகிறது என்பதை நம்புகிறேன். 8 ஜிபி ராமை வைத்துக்கொண்டு டீம்ஸ் மீட்டிங், எக்செல், குரோமில் எண்ண முடியாத டேப் என்றால் எந்த பிராசஸர்தான் என்ன செய்யும்? மீட்டிங் ஓடும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. 8-இல் ஏழுக்கு மேல் நிரம்பியிருக்கும், பார். கீழே ‘ஸ்லாட்ஸ் யூஸ்ட்’ என்ற இடத்தில் ‘1 ஆஃப் 2’ என்றிருந்தால் உனக்கு யோகம், இன்னொரு ராம் போடலாம். ராம் வகை டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று பார்த்து வாங்கு, ஒன்று மற்றதில் உட்காராது. அப்படியே ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் பக்கத்தையும் பார். ஒற்றை ராமில் இன்டெல் யுஎச்டி என்று காட்டும் அதே சிப், ஜோடி ராம் போட்டதும் பெரும்பாலும் அதைவிட வேகமான ஐரிஸ் எக்ஸ்இ ஆகிவிடும். கிராபிக்ஸும் ராமைத்தானே பங்கு போட்டுக்கொள்கிறது! அப்புறம், ஃபேன் தூசியைத் தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்.

பேட்டரி நாள் முழுக்க நிற்க வேண்டும் என்றால் பேச்சே வேறு. 2024 கடைசியில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசை அதற்காகவே செய்தது. ஆனால் அதில் ராம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, 16 அல்லது 32 ஜிபி. பிறகு கூட்டவே முடியாது. வாங்கினால் 32 வாங்கு. விலையைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டாதே.

உன் தங்கச்சி இன்னும் அந்தப் பழைய 7200யூவில்தான் ப்ராஜெக்ட் செய்கிறாள். அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அந்த 35,000-ஐ அப்படியே வை. அடுத்த மாசம் அவளுக்குப் புதுசு பார்க்கலாம், மீதியை நான் போடுகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா