ஜனவரி வரட்டும், இது நவம்பர்

20.11.2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுவதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறாள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் திங்கட்கிழமை காலையில் நீ கூப்பிட்டபோது என்னைப் பேச விட்டால்தானே? நீ பேசியதிலும் பாதி காற்றுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்தில் உங்கள் பஃபலோ பில்ஸ் அணி கேன்சஸ் சிட்டி சீஃப்ஸை ஜெயித்ததற்கு மூன்று மணி நேரம் மைதானத்தில் நின்று கத்தினால் தொண்டை என்ன ஆகும்? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாயா இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ குதித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மாப்பிள்ளை சொன்னது எனக்கும் கேட்டது. "இது ரெகுலர் சீசன் மேட்ச்தான் மாமா. ஜனவரியில் ஜெயிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்." அதோடு உன் குரலும் இறங்கிவிட்டது. "ஆமாப்பா, அதுவும் சரிதான்" என்றாய். அது சரியில்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளை பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ரெகுலர் சீசன் என்கிற லீக் ஆட்டத்தில் 2021, 2022, 2023, இதோ 2024 என்று நான்கு வருஷமாகக் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸை உங்கள் பஃபலோ பில்ஸ் தோற்கடிக்கிறது. ஜனவரியில் தோற்றவர் வெளியேறுகிற பிளேஆஃப் என்று வந்தால் கதை மாறிவிடுகிறது. 2021, 2022, 2024 ஜனவரிகளில் மூன்று தடவையும் அவர்களிடமே தோற்றீர்கள். அதில் 2022ஆம் வருஷத்து ஆட்டத்தைப் பற்றி நான் வாயே திறக்கப் போவதில்லை. மூன்று புள்ளி முன்னிலை, மிச்சம் 13 விநாடி. "பதின்மூன்று" என்று யாராவது சொன்னாலே உன் முகம் சுருங்கும். அப்படிச் சூடுபட்டவர் முன்கூட்டியே சந்தோஷப்படப் பயப்படுவது இயல்புதான்.

ஆனால் இந்த ஆட்டத்தில் அந்த நான்காவது டவுனை, அதாவது பந்தை முன்னே நகர்த்தும் நான்காவது முயற்சியை, நீ நேரில் பார்த்திருக்கிறாய். நான் அதை யூடியூபில் எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று அம்மாவைக் கேள். 23–21 என்று முன்னிலை, இரண்டரை நிமிஷம்கூட மிச்சமில்லை. பந்து அவர்களுடைய கோட்டிலிருந்து 26 கெஜத்தில். இரண்டு கெஜம் நகர்த்த வேண்டும், கடைசி வாய்ப்பு. பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பதுதான் பத்திரமான வழி. ஆனால் அப்போதும் வித்தியாசம் ஐந்துதான் ஆகும், பந்து சீஃப்ஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்து எறிபவர், பேட்ரிக் மஹோம்ஸ் கைக்குப் போகும், அவர் ஒரு டச்டவுன் (பந்தைக் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் ஆறு புள்ளி) அடித்தால் எல்லாம் போச்சு. பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட் உதைக்க விடவில்லை. உங்கள் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் பந்தை வாங்கிக்கொண்டு பின்வாங்குகிறார், எறிவதற்கு ஆள் தேடுகிறார், ஒருவரும் அகப்படவில்லை. நடுவில் ஒரு சந்து. அவ்வளவுதான், கிளம்பிவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் 26 கெஜம்! இரண்டு கெஜம் கேட்ட இடத்தில் முழு டச்டவுன். பிறகு மஹோம்ஸ் எறிந்த பந்தை உங்கள் டெரல் பெர்னார்ட் பறித்தார், 30–21, ஆட்டம் முடிந்தது. அதுவரை அந்த சீசனில் தோல்வியே காணாத ஒரே அணி சீஃப்ஸ். போன சீசனையும் சேர்த்தால் தொடர்ந்து 15 வெற்றி. அதை நிறுத்தியது சும்மாவா?

நான் அங்கே வந்திருந்தபோது ஆர்ச்சர்ட் பார்க் மைதானத்தில் நீ எனக்குச் சொல்லித் தந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நம் ஆட்களிடம் பந்து இருக்கும்போது மூச்சுக் காட்டக் கூடாது, எதிரணியிடம் பந்து வந்ததும் கூரை பறக்கிற மாதிரி கத்த வேண்டும். (அந்த மைதானத்துக்குக் கூரையே கிடையாது என்பதை ஈரி ஏரிக் காற்று எனக்கு நன்றாகவே புரிய வைத்தது.) எதிரணி குவார்ட்டர்பேக் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கக் கூடாதாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ரசிகன் வேடிக்கை பார்க்க மட்டும் வரவில்லை, அவனுக்கும் ஒரு வேலை கொடுத்து வைத்திருக்கிறார்கள். அப்படி வேலை செய்துவிட்டு வந்தவளிடம் "இது கணக்கில் சேராது" என்றால் எப்படி?

கணக்கில் சேராமலும் இல்லை. மொத்தமே 17 ஆட்டம். லீக்கின் இரண்டு பிரிவில் ஒவ்வொன்றிலிருந்தும் ஏழு அணி பிளேஆஃபுக்குப் போகிறது, அதில் முதலிடத்துக்கு மட்டும்தான் முதல் சுற்றில் ஓய்வு, பிறகு சொந்த மைதானம். உங்கள் பிரிவிலேயே இருக்கிற சீஃப்ஸ் இப்போது 9 வெற்றி, 1 தோல்வி; நீங்கள் 9 வெற்றி, 2 தோல்வி. கடைசியில் இரண்டு பேரும் சமமாக வந்தால் போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் உங்கள் பக்கம் பேசும். ஜனவரி எந்த ஊரில் நடக்கும் என்பதை நவம்பரிலும்தான் முடிவு செய்கிறார்கள். இதை மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்.

உன் அணியைப் பற்றி நான் இந்த இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். நீ பெருமையாகச் சொன்ன கதைகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசி லீக் ஆட்டக் கதைதான், பாப்பா. 2020 நவம்பர் 8 ஞாபகம் இருக்கிறதா? முந்தின நாள் ராத்திரிதான் ஆலனுடைய பாட்டி பாட்ரிஷியா இறந்திருக்கிறார். மறுநாள் பேரன் இறங்கி சியாட்டில் சீஹாக்ஸுக்கு எதிராக 415 கெஜம் எறிந்து 44–34 என்று ஜெயித்துக் கொடுக்கிறார். கொரோனா காலம், மைதானம் காலி, கத்துவதற்கு ஓர் ஆள்கூட இல்லை. பாட்டி இறந்த செய்தி வெளியே தெரிந்ததும் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஊரிலுள்ள ஓஷெய் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஆளுக்குப் 17 டாலர் அனுப்ப ஆரம்பித்தார்கள். 17 ஆலனுடைய சட்டை எண். பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. இப்போது அங்கே பத்தாவது மாடியில் ஒரு பகுதிக்கு அந்தப் பாட்டியின் பெயர். ஜெயித்த களிப்பில் வண்டி ஹாரன் அடிக்கலாம், பட்டாசு போடலாம். தெரியாத ஒரு கிழவிக்காகத் தெரியாத குழந்தைகளுக்குப் பணம் அனுப்பலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

இது முதல் தடவையும் இல்லை. 2017 டிசம்பர் 31 அன்று சின்சினாட்டி அணியின் ஆண்டி டால்டன் கடைசி நிமிஷத்தில் எறிந்த டச்டவுன் பால்டிமோரைக் கவிழ்த்தது, அதனால் பில்ஸ் 17 வருஷத்துக்குப் பிறகு பிளேஆஃபுக்குப் போனது. நன்றிக்கடனாக வேற்று ஊர்க்காரரான டால்டன் நடத்தும் குழந்தைகள் அறக்கட்டளைக்கு உங்கள் ஆட்கள் மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அப்போதும் ஆளுக்குப் 17 டாலர்தான் பிரபலம்.

பில்ஸ் வீரர் டமார் ஹாம்லின் கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஜனவரி 2 அன்று மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்தார். ஆறாம் நாள் பில்ஸ் மறுபடி இறங்கியபோது முதல் உதையையே நைஹீம் ஹைன்ஸ் பிடித்து 96 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். மருத்துவமனையில் பார்த்துக்கொண்டிருந்த ஹாம்லின் துள்ளி எழுந்ததில் தீவிர சிகிச்சைப் பிரிவின் அலாரமெல்லாம் அடித்ததாக மருத்துவரே சொன்னார். ஜனவரியில் நடந்தாலும் அதுவும் லீக் ஆட்டம்தான்! படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பையன் இப்போ நல்லா இருக்கானா?" என்றுதான் கேட்டாள். விளையாடுகிறான் என்றதும் நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

கோப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கு வருஷம் தொடர்ந்து சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டத்துக்குப் போய் நான்கிலும் தோற்ற ஊர். ஒரு தடவை வாங்கிவிட்டால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தேர் ஓடுகிற நாளில் மட்டும்தான் சாமி கும்பிடுவேன் என்றால் மற்ற நாளெல்லாம் கோயில் எதற்கு? 1991 சூப்பர் பவுலில் பில்ஸின் ஸ்காட் நார்வுட் கடைசி உதையைத் தவறவிட்டு ஒரு புள்ளியில் தோற்றபோது, மறுநாள் பஃபலோவின் நயாகரா சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் கூடி அவர் பெயரையே சொல்லிக் கூப்பிட்டார்களாம். தோற்றவனையே அப்படிக் கூப்பிட்ட ஊரில் ஜெயித்த அன்று குரலை இறக்கிக்கொள்ளலாமா?

ஒன்றே ஒன்று. வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கு மேஜை மேல் குதித்து உடைக்கிறார்களே, அந்தக் கூட்டத்துப் பக்கம் நீ போகவே கூடாது. அதில் என்ன சுகம் என்று எத்தனை வீடியோ பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. குளிருக்குக் காலுக்கடியில் அட்டை போட்டு நிற்கிற பழக்கம் நல்லது, அதைத் தொடர்ந்து செய்.

இந்த வாரம் உங்களுக்கு ஆட்டம் இல்லை, தொண்டையைப் பார்த்துக்கொள். அடுத்தது டிசம்பர் 1 ராத்திரி, ஃபார்ட்டி நைனர்ஸ் அணியோடு. இங்கே திங்கள் காலை 6.50, எனக்கு வசதியான நேரம், நானும் உட்கார்ந்துவிடுவேன். ஒரு வேண்டுகோள். நம் வீட்டு நெட்டில் ஆட்டம் ஒரு நிமிஷம் பிந்தித்தான் வருகிறது. நீ அங்கிருந்து வாட்ஸ்அப்பில் "டச்டவுன்ன்ன்" என்று போடும்போது இங்கே இன்னும் பந்தே கிளம்பியிருக்காது. ஆட்டம் முடிகிறவரை போனைப் பையில் வை.

அன்புடன்,
அப்பா