இப்போது வெட்டாதே ராஜி

ஏற்காடு,
பங்குனி மாதம்

அன்புள்ள ராஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. முழங்கால் வலி என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.

இங்கே நல்ல மழை பெய்தது. காப்பித் தோட்டக்காரர்கள் காத்திருந்த பூமழை. இன்னும் எட்டு, பத்து நாளில் தோட்டமெல்லாம் வெள்ளையாகிவிடும்.

உன் ஹைட்ரேஞ்சியா பூச்செடி குச்சி குச்சியாக நிற்கிறது, கிளையை வெட்டிக் கவாத்து பண்ணிவிடவா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். ரோஜா புதுத் துளிரில் பூக்கும், அதை வெட்டலாம். இது போன வருஷக் குச்சியிலேயே இந்த வருஷ மொட்டை ஒளித்து வைத்திருக்கும். இப்போது நுனியை வெட்டினால் இலைதான் மிஞ்சும். குச்சியை நகத்தால் சுரண்டிப் பார். உள்ளே பச்சை இல்லாததை மட்டும் அடியோடு எடுத்துவிடு. மற்றதைப் பூத்து முடிந்தவுடன் வெட்டிக்கொள்ளலாம்.

என் வீட்டில் நீலமாகப் பூத்த அதே ஹைட்ரேஞ்சியா உன் வீட்டில் ஏன் ரோஸ் நிறமானது என்று வருத்தப்பட்டிருக்கிறாய். செடி மேல் தப்பில்லை. நம் சேர்வராயன் மலை பாக்சைட் மண், அலுமினியத் தாது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் லாரி லாரியாகப் போனதே, அதுதான். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறினால் பூ நீலமாகும். நீ இருப்பதோ செட்டிச்சாவடிப் பக்கம், மாக்னசைட் பூமி, புளிப்பில்லாத கார மண். போர் தண்ணீரும் உப்புத் தண்ணீர். அந்த மண்ணில் அலுமினியம் கரையாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது என்றாயே, அதுவும் இதனால்தான். இரும்புச் சத்து ஏறவில்லை. தொட்டி மண்ணை மாற்றி இலைமக்கு நிறையப் போடு. மழைத் தண்ணீர் பிடித்து ஊற்று. காலை வெயில் போதும், மதிய வெயில் படவே கூடாது. எனக்கென்னவோ அந்த ரோஸ் நிறமும் அழகுதான். நீலம் வேண்டுமென்று அதைப் படுத்தாதே.

குண்டுமல்லிக்குக் கவாத்து மார்கழியோடு சரி. இப்போது மக்கிய எருவும் தண்ணீரும்தான். மொட்டில் ஓட்டை தெரிந்தால் புழு. அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிடு.

ஆடி மழையில் இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. ஹைட்ரேஞ்சியாவைக் கவாத்து பண்ணும்போது நல்ல குச்சிகளாக எடுத்து வைக்கிறேன், ஈரத்தில் சீக்கிரம் வேர் பிடிக்கும். வரும்போது உன் அடுக்கு நந்தியாவட்டையில் ஒரு கிளை கொண்டு வா.

அன்புடன்,
கமலா