வெல்டிங் பட்டறை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். இடுப்பு மூட்டில் ஆபரேஷன் ஆன என் வீட்டுக்காரர் இனி மெதுவாகக் காலை ஊன்றலாம் என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயந்திரமே இவர் ஊன்றுகோலோடு வாசலைத் தாண்டி ரோடு வரை போய்த் திரும்பினார். கூடவே நடந்த எனக்குத்தான் அதிகமாக வேர்த்தது. இந்தச் சூட்டிலேயே எழுதிவிட வேண்டும், ஆற விட்டால் வார்த்தை வராது. என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அதைத் திரும்பக் கிளற எனக்குத் தெம்பில்லை.

முதலில் பாலக்கோடு வெல்டிங் பட்டறை அண்ணன். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் சொன்னது இதுதான்: ஆறு வாரம் அந்தக் காலில் உடம்பு பாரம் இறங்கக் கூடாது, குத்துக்காலிடக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது. ஆஸ்பத்திரியில் கேட்கும்போது தலையை ஆட்டிவிட்டேன். வீட்டு ஞாபகம் வந்ததும் வயிறு கலங்கியது. எங்கள் கழிப்பறை கொல்லையில் இருக்கிறது, குத்துக்காலிட்டு உட்காருகிற பழைய மாடல். மேஸ்திரியைக் கேட்டால் தரையை உடைத்து மாற்றப் பத்து நாளாவது வேண்டும் என்றார். கடையில் விற்கிற கமோடு நாற்காலி இவர் உயரத்துக்குக் குட்டை.

பிடித்து நடக்க ஒரு பைப் அடித்துத் தருவீர்களா என்று கேட்கத்தான் பட்டறைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டவர் கிரைண்டரை அணைத்தார். "ஆள் என்ன உயரம்?" என்றார். சொன்னேன். "அது வேண்டாம்மா, குதிகாலில் இருந்து முட்டி மடிப்பு வரைக்கும் எவ்வளவு?" அது யாருக்குத் தெரியும்? அங்கிருந்தே இவர் படுத்திருந்த பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நர்ஸம்மா டேப் வைத்து அளந்து சொன்னார்கள். பத்தொன்பது இஞ்ச். அண்ணன் சாக்பீஸில் தரையில் இருபத்தொன்று என்று எழுதினார். முட்டியை விட இரண்டு இஞ்ச் உயரமாக இருந்தால்தான் எழும்போது இடுப்பில் இழுக்காதாம். அடுத்து, "எந்தக் கால் நல்ல கால்?" என்று கேட்டார். அதற்கு ஏற்ற மாதிரி ஒரு பக்கக் கைப்பிடியைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்தார். ஏதோ கடைக்கு ஷட்டர் வேலை பாதியில் கிடந்தது, அதை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு, தூறலில், எக்ஸெல் வண்டியில் கமோடு நாற்காலியைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். எங்கள் கழிப்பறைத் தரை வாட்டமாக இருப்பதால் நாற்காலியின் ஒரு கால் லேசாக ஆடியது. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். விடிந்ததும் வந்தார். அந்தக் காலை அறுத்து ஒட்டி, நான்கு காலுக்கும் ரப்பர் புஷ் போட்டு, பற்றுவைத்த இடத்தையெல்லாம் கை கீறாமல் தேய்த்திருந்தார். அப்புறம் தானே உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார். அண்ணன் நல்ல கனமான ஆள். "நானே உட்கார்ந்துட்டேன், இனி பயமில்லை" என்றார். காசு? முழுசாகக் கேட்டு வாங்கிக்கொண்டார், எனக்கும் அதில்தான் நிம்மதி. ஆனால் அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமலே வந்து புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாரே, அதற்கு எங்கே போய்க் காசு கொடுப்பது?

அடுத்து பெங்களூர் டாக்டருக்கு. ஆபரேஷனுக்கு முன்னால், வேறொரு இடத்தில் ஸ்டெம் செல் (புதுத் திசுவாக வளரக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் மூட்டு புதுசாக வளரும் என்று ஆசை காட்டி, ஒரு பெரிய தொகையைப் பேக்கேஜ் என்றார்கள். நிலத்துப் பத்திரத்தை அடமானம் வைக்கிற பேச்சு வரைக்கும் போய்விட்டது. இந்த டாக்டர்தான் உட்கார வைத்து விளக்கினார். தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துக்கொண்டு வருகிறது. பந்து இன்னும் நொறுங்கவில்லை, அதனால் துளை போட்டு அழுத்தத்தைக் குறைக்கலாம். இடுப்பு எலும்பு விளிம்பில் இருந்து அவருடைய மஜ்ஜையையே உறிஞ்சி, இயந்திரத்தில் சுழற்றிச் செல்களைச் செறிவாக்கி, அந்தத் துளை வழியாகவே செலுத்தலாம். பிரான்சில் 1990களிலேயே செய்து பார்த்த முறைதானாம். "பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பந்து நொறுங்கினால் மூட்டு மாற்றுவதுதான் வழி" என்றும் மறைக்காமல் சொன்னார். ரத்த சம்பந்தமான சில நோய்கள் தவிர மற்றதற்கெல்லாம் ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சிதான், அதைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலிலேயே இருக்கிறதாம். இவரை ஆராய்ச்சியில்தான் சேர்த்தார்கள். கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் படித்துக் காட்டினார்கள், செல்லுக்கென்று ஒரு பைசா கேட்கவில்லை. பத்திரம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

தக்காளி பழுத்து நின்ற வாரத்தில் சொல்லாமலே இறங்கிப் பறித்து மண்டிக்கு ஏற்றிவிட்ட பங்காளிகள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்த அங்கன்வாடி அக்கா, ஓசூர் பஸ்ஸில் இவர் காலை நீட்ட இடம் பிடித்துக் கொடுத்த கண்டக்டர், களியும் கீரைக் குழம்பும் அனுப்பிக்கொண்டே இருந்த என் நாத்தனார், எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. தனித்தனியாக எழுதினால் யாரையாவது விட்டுவிட்டு அப்புறம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

நம்ம தர்மபுரி மாவட்டத்தில் மூட்டு வலி என்றால் தண்ணீரைத்தான் சொல்வோம். தண்ணீரில் கலந்த, எலும்பைக் கெடுக்கிற ஃப்ளோரைடு அப்படி ஆட்டி வைத்த மண். 2013இல் ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. இவருக்கும் அப்படித்தான் சொன்னார்கள். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை, இந்த நோய் ஆரம்பத்தில் எம்ஆர்ஐயில்தான் பிடிபடுமாம். கவட்டி ஓரமாக வலித்து, நடக்கும்போது காலைச் சாய்க்க வைத்தால் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அதுவும் ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டவர்கள், குடிக்கிறவர்கள்.

இவருக்குத் தேவை முடிந்ததும் அந்த இரும்பு நாற்காலி வீட்டில் சும்மா கிடக்காது. காரிமங்கலம், மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, எந்த ஊராக இருந்தாலும் வந்து எடுத்துக்கொண்டு போங்கள், வாடகை கிடையாது. வரும்போது முட்டி அளவை எடுத்துக்கொண்டு வாருங்கள். நாற்காலியின் காலை ஏற்றவோ இறக்கவோ வேண்டுமென்றால் அண்ணனிடம் நானே பேசிவிட்டேன், செய்து தருகிறேன் என்றிருக்கிறார். அதற்கு மட்டும் அவர் கேட்கிற காசைக் கொடுத்துவிடுங்கள்.