விவசாயிகள் சங்க ஆண்டறிக்கை 2024–25: செயலாளர் படம் காட்டிய கணக்கும் சேர்த்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணன் அவர்களே, வெயிலைப் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு நிறுத்திவிடாமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செயற்குழு 12 முறை கூடியிருக்க வேண்டும். 9 முறை கூடியது. மற்ற 3 முறையும் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லை. மினிட் புத்தகத்தில் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதி, வாங்கி வைத்த மிக்சரை நானே வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாய்க்கால் தூர்வார மனு கொடுத்தோம். பாதி தூரம் வாரினார்கள். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. மறைந்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை போட்டார்கள், மற்றவர்கள் நேரே சம்பாவுக்குப் போனோம். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிக் கொட்டிய மழையில் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, புரொஜெக்டர் விஷயம்.

சென்ற ஆண்டு மார்ச்சில் புரொஜெக்டர், ஆம்ப்ளிஃபையருடன் ஒரு குழாய் ஸ்பீக்கர், மைக், ஸ்டாண்ட், செல்போனில் மாட்டும் உருப்பெருக்கி லென்ஸ் என்று எல்லாம் சேர்த்து 31,200 ரூபாய்க்கு வாங்கினோம். கோனோ வீடர் என்ற களையெடுக்கும் கருவியின் வாடகையில் சேர்ந்த பணம் அது. அன்றிலிருந்து இன்றுவரை டீக்கடையில் எனக்கு ஒரே பெயர்தான்: "செயலாளர் படம் காட்டுறாரு." சரி, காட்டினேன். 11 முறை காட்டினேன். என்ன காட்டினேன் என்பதையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

முதல் முறை தோல்விதான், ஒப்புக்கொள்கிறேன். இணையத்திலிருந்து இறக்கிய ஒரு பயிற்சிப் படம். கரிசல் மண், ஆள் உயர டிராக்டர், "களைகளை அகற்றுதல் இன்றியமையாதது" என்று ஒரு கம்பீரக் குரல். பத்தாவது நிமிடத்தில் பெரியவர் ஒருவர், "இது எந்த ஊரு தம்பி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து டீ குடிக்கப் போனார், பின்னாலேயே முக்கால்வாசிப் பேர் போனார்கள்.

அப்புறம்தான் யோசித்தேன். நம் அப்பா காலத்தில் நோரின் 10 என்ற ஜப்பான் நெல் ரகத்தையும் நம் ஜிஇபி 24-ஐயும் சேர்த்து உருவாக்கிய ஆடுதுறை 27 வந்தபோது, திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சியில் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அது தஞ்சை ஜில்லா முழுக்கப் பரவியது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே 'ரேடியோ நெல்'. பெட்டியில் பேசியவர் ஆடுதுறையைப் பற்றிப் பேசினார், கேட்டவர் வயல் நாலு மைலில் இருந்தது. பேச்சு எடுபட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் 2006-ல் ஆரம்பித்த டிஜிட்டல் கிரீன் என்ற திட்டத்தைப் பற்றியும் படித்தேன். அந்தந்தப் பகுதி விவசாயியை வைத்தே சின்னச் சின்னப் படம் எடுத்து, ஊரில் ஒருவர் அதைப் போட்டு, நடுவில் நிறுத்தி, "புரிந்ததா? நீங்கள் செய்வீர்களா?" என்று கேட்பார். அங்கேயும் படம் பார்த்தவர்கள் முதலில் கேட்டது, 'இவர் யார், எந்த ஊர்' என்பதைத்தானாம். நம் பெரியவர் டீ குடிக்கப் போனதில் தப்பே இல்லை.

ஆகவே நம் ஊரையே எடுக்க ஆரம்பித்தோம். 4 பேருக்குச் செல்போனில் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். கையை ஆட்டாதே, காற்று இரைச்சலுக்கு மைக்கில் பஞ்சு சுற்று, பேசுகிறவர் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கக் கூடாது, ஒரே மூச்சில் நாலு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அவ்வளவுதான் பாடம். அந்த 4 பேரில் 2 பேர் இப்போது திருப்பூரில், ஒருவர் துபாயில். மிச்சம் இருப்பது மேலத்தெரு உறுப்பினர் ஒருவரின் மகள், பிளஸ் டூ படிக்கிற பெண். இந்த வருடம் உருப்படியாக வந்த படம் எல்லாம் அந்தப் பெண் எடுத்தவை.

செப்டம்பரில் காட்டிய, நெல் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சியின் படத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். நாற்றங்காலில் இலை நுனியில் பழுப்புப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்குமே, அது தாய் அந்துப்பூச்சி தன் உடம்பு மயிரைப் போர்த்தி வைத்துவிட்டுப் போன முட்டைக் குவியல். நடுவதற்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளி எறிந்தால் முட்டையும் சேர்ந்து போய்விடும். இது தெரியாதவர் யாருமில்லை, செய்தவரும் அதிகமில்லை. லென்ஸ் மாட்டி எடுத்ததைத் தலைவர் வீட்டு எட்டு முழ வேட்டியில் போட்டோம். வேட்டியின் பச்சைக் கரை படத்துக்கு அடியில் வரப்பு மாதிரி நின்றது. நகக்கண் அளவு இருந்த முட்டைக் குவியல் திரையில் பெரிய பரங்கிக்காய் அளவுக்குத் தெரிந்தது. அது பொரிந்து, நூல் மாதிரிப் புழுக்கள் தண்டைத் தேடி இறங்கியதும் கூட்டம் பேச்சை நிறுத்தியது.

படத்தில் அந்துப்பூச்சி வந்த நேரம், வேட்டியில் நிஜமாகவே ஒன்று வந்து உட்கார்ந்தது. வைக்கோல் மஞ்சள் இறக்கை, இறக்கைக்கு ஒரு கரும்புள்ளி. வெளிச்சத்துக்கு வருகிற பூச்சிதானே. பையன்கள் சிரித்தார்கள். ஆனால் முன் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து போய்த் திரையில் இருந்ததையும் வேட்டியில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அரைமணியில் 7 பூச்சி வந்தது. மறுவாரமே 4 பேர் வயலில் விளக்குப்பொறி வைத்தார்கள். இதற்கு நான் பேசியது ஒரு வார்த்தை இல்லை.

அன்று நடவு ஆட்களும் வந்திருந்தார்கள், சோறு வடித்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாக. அதில் ஒரு அம்மா என்னிடம் கேட்டது: "கிள்ளி நடுங்கன்னு போன வருஷமும் சொன்னீங்க. எதுக்குன்னு யாரு சொன்னா?" முப்பது வருடமாக நாம் சொல்லிக்கொண்டிருந்தது யாரிடம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முடிவெடுப்பவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டோம், நாற்றைக் கையில் பிடிப்பவரைக் கூப்பிடவே இல்லை. அதன் பிறகு படம் போடும் நேரத்தை ஏழிலிருந்து எட்டரைக்கு மாற்றினேன். அதற்கும் செயற்குழுவில் இருவர் ஆட்சேபம் தெரிவித்தார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

டிரைக்கோகிராமா அட்டையும் அப்படித்தான். பூச்சியின் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவி உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டை அது. மணல் தூவிய அட்டையைக் காசு கொடுத்து வாங்கி இலையில் கட்டச் சொல்கிறார்கள் என்ற கேலி நமக்குள் உண்டு. குளவி உள்ளே வளரும் முட்டை கறுத்துப் போவதையும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி அதை ஓட்டை போட்டு வெளியே வருவதையும் அந்தப் பெண் ஒரு மத்தியானம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். அதைப் பார்த்த பிறகு அட்டை கட்டிய கையோடு மருந்து அடிப்பது நின்றது. எல்லோரிடமும் இல்லை, சிலரிடம்.

ஆராய்ச்சி என்று சொன்னால் சிரிப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று வயலில் நட்ட T வடிவக் குச்சிகளில் பாதியை ஆந்தை வந்து உட்கார்ந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பிடுங்கிவிட்டார்கள். ஒருவரிடம் சும்மா கிடந்த சிசிடிவி கேமராவை இரவல் வாங்கி, இருட்டிலும் தெரியும்படி வரப்பில் 3 இரவு கட்டி வைத்தோம். முதல் இரவு நாய். இரண்டாம் இரவு 2 மணி 10 நிமிடத்துக்குக் கூகை ஒன்று சத்தமே இல்லாமல் குச்சியில் இறங்கியது, தலையை மட்டும் திருப்பியது, கீழே பாய்ந்து எலியோடு எழுந்தது. 40 விநாடிப் படம். சிறுவர்கள் மூன்று தடவை போடச் சொன்னார்கள். பிடுங்கியவர்களில் ஒருவர் மறுபடி நட்டுவிட்டார். வீட்டுக்கு எதிர்ப்பக்கம் தள்ளித்தான் நட்டிருக்கிறார், போகட்டும்.

இன்னொன்று, திங்கள்தோறும் ஒரே முளைக்குச்சியில் செல்போனை வைத்து ஒரே வயலைப் படம் எடுத்து வந்தோம். எதற்கு இந்த வெட்டி வேலை என்றார்கள். நவம்பர் மழையின்போது தினமும் எடுத்தோம். அளவுக்கோடு போட்ட மூங்கிலில் தண்ணீர் எந்தத் தேதியில் எத்தனை அங்குலம் நின்றது என்பது அதில் இருக்கிறது. சேதம் பார்க்க வந்தவர்கள் தண்ணீர் வடிந்த பிறகு வந்தார்கள். படத்தைக் காட்டினோம், பார்த்தார்கள், தலையாட்டினார்கள், அவர்கள் எழுதுவதை எழுதினார்கள். ஆனால் முதல் தடவையாக நம் கையில் தேதியோடு ஒரு சாட்சி இருந்தது.

குழாய் ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. செல்போன் காலத்தில் எதற்கு என்றீர்கள். புதுச்சேரிப் பக்கம் மீனவர் ஊர்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையங்கள் அலை உயரத்தைத் தினமும் ஸ்பீக்கரில்தான் சொல்லி வந்தன. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரிக்க, நல்லவாடு கிராமத்தில் அந்த ஸ்பீக்கரில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். போன் ஒருவர் காதுக்கு வந்தது, குழாய்தான் ஊர்க் காதுக்குக் கொண்டுபோனது. நமக்குச் சுனாமி இல்லை. பயிர்க் காப்பீட்டின் கடைசி நாளை ஐந்து நாள் காலை, மாலை அறிவித்தோம். வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் பார்க்காத 14 பேர் அதைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். காலை ஆறு மணிக்குத் தூக்கம் கெட்டதாக வந்த புகார்கள் 3.

நடவுப் பாட்டுப் பாடும் ஆச்சி ஒருவரையும் ஒலிப்பதிவு செய்தோம். திருப்பிப் போட்டுக் காட்டியபோது, "இது என் குரல் இல்ல, வேற யாரோ" என்று கோபித்துக்கொண்டார். பதிவு பத்திரமாக இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் விரிவாகச் சொல்வார். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த கையிருப்பும் இப்போது இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் கொஞ்சம் கைமாற்று உண்டு, பெரும்பாலும் திருப்பியாகிவிட்டது. 'இதர செலவு' என்பது பேட்டரி, வண்டிச் சத்தம், மேற்படி மிக்சர்.

சந்தா மாதம் 20 ரூபாய், ஆண்டுக்கு 240. உறுப்பினர்கள் 92 பேர். முழுதாகக் கட்டியவர்கள் 41, பாதி கட்டியவர்கள் 19, ஒரு ரூபாய்கூடக் கட்டாதவர்கள் 32. பெயர் சொல்லப்போவதில்லை, சங்கத்தின் மரபு அது. ஒன்று மட்டும் சொல்கிறேன். மார்ச் 9 அன்று இந்தியாவும் நியூசிலாந்தும் ஆடிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டத்துக்குப் புரொஜெக்டரை யாரோ எடுத்துப் போய்த் திடலில் போட்டார்கள். அனுமதி நான் கொடுக்கவில்லை. சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன், கடைசிவரை நின்றேன், அது வேறு விஷயம். சுமார் 140 பேர் இருந்தார்கள். மேற்படி 32 பேரில் பெரும்பாலோரை இந்த ஆண்டில் நான் நேரில் பார்த்தது அன்று மட்டும்தான்.

இடம் தந்த பள்ளிக்கும், மின்சாரம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், வேட்டி தந்த தலைவர் வீட்டுக்கும், பயிற்சிக்கு வந்த வேளாண் அலுவலர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இரவு பதினோரு மணிக்கு ஒயரைச் சுருட்டிக்கொண்டு வருபவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட என் மனைவிக்கும் நன்றி. இது மினிட்டில் ஏற வேண்டாம்.

வரும் ஆண்டு பற்றி. புரொஜெக்டரில் விளக்கு மங்குகிறது. அந்தப் பெண் ஜூனில் கல்லூரிக்குப் போகிறாள். எனக்கு வரப்பில் குந்தி உட்கார்ந்தால் எழ ஒரு கை வேண்டியிருக்கிறது. செயலாளர் பதவியில் எனக்கு ஒட்டுதல் கிடையாது, பீரோ சாவியை இன்றே மேசையில் வைக்கத் தயார். சாவியை எடுப்பவர் படம் எடுக்கவும் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாளில் கற்றுக்கொடுத்துவிடுவேன். 32 பேரும் பழைய பாக்கியைக் கட்டினால் வருவது 7,680 ரூபாய். விளக்கு மாற்ற அதுவே தாராளம், மீதியில் ஒரு நல்ல மைக்கும் வாங்கலாம். யாரையும் வற்புறுத்தவில்லை.

கடைசியாக ஒரு அறிவிப்பு. இறுதி ஆட்டத்தன்று புரொஜெக்டரோடு போன ஹெச்டிஎம்ஐ கேபிள் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. கறுப்பு, 5 மீட்டர், ஒரு முனையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். எடுத்தவர் இரவில் வந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனால் போதும். சிசிடிவி கேமராவை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்