முதல் சுற்றில் அவர்கள் தோற்கட்டும்

உற்பத்தி மேலாண்மைப் பாடத்திட்டக் குழுவினருக்கும், அதை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். விரயத்தைக் குறைத்து உற்பத்தி செய்யும் லீன் முறைப் பாடத்தை முழுக்க நடத்திவிட்டு, கடைசி அரை மணி நேரத்தில் காகித விமானம் மடிக்கும் சிமுலேஷனை வைப்பதுதான் பல இடங்களில் வழக்கம். நானும் பயிற்சி நடத்த வந்த புதிதில் அப்படித்தான் செய்தேன். விடை தெரிந்த மாணவர்கள் அதை நடித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பாடமே சொல்லாமல் ஐந்து மேசைகளைப் போட்டு, பத்துப் பத்தாக மடித்து அடுத்தவருக்குத் தள்ளச் சொல்லுங்கள். இறக்கை மடிக்கும் மூன்றாம் மேசையில்தான் வேலை அதிகம். இரண்டாமவர் வேகமாக மடித்துக் குவிக்க, மூன்றாமவரின் முழங்கை பட்டு அந்தக் குவியல் தரையில் சரியும். ஐந்தாமவர் பேனாவை உருட்டிக்கொண்டிருப்பார். கடைசியில் வந்து சேரும் பத்து விமானங்களிலும் இடது இறக்கை கோணலாக இருக்கும். அதற்குள் அடுத்த பத்தும் அதே கோணலில் மடிந்திருக்கும்.

அங்கே நிறுத்திக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கணக்குக்காக ஒவ்வொரு மேசைக்கும் 10 விநாடி என்று வைத்துக்கொள்வோம். பத்தாக நகர்த்தினால் முதல் விமானம் முடிய 410 விநாடி, பத்தாவது முடிய 500. ஒவ்வொன்றாக நகர்த்தினால் முதலாவது 50 விநாடியில், பத்தாவது 140இல். யாரும் வேகமாக மடிக்கவில்லை, காத்திருப்புதான் போயிற்று.

இரண்டாம் சுற்றுக்கு, மேசைகளுக்கிடையே சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம் வரையுங்கள். கட்டத்தில் ஒரு காகிதம் இருந்தால் முந்தைய மேசை கையை நிறுத்த வேண்டும். அடுத்தவருக்குத் தேவைப்படும்போது மட்டும் செய்யச் சொல்லும் சைகையான கான்பன் என்பதன் எளிய வடிவம் இதுதான். விதி புரிய ஒரு நிமிடம் போதும், கடைப்பிடிக்கத்தான் முடியாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாணவர்கள் கூசுகிறார்கள்; ஒருவர் மேசைக்கு அடியில் வைத்துத் திருட்டுத்தனமாக மடித்ததை நானே பார்த்திருக்கிறேன். (சும்மா உட்காராதே என்று சொல்லித்தானே அவர்களை வளர்த்திருக்கிறோம்!) தேவைக்கு மேல் செய்து குவிப்பதே விரயங்களில் மோசமானது என்று டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ ஏன் சொன்னார் என்பது அந்தக் கூச்சத்தில்தான் பிடிபடும். சும்மா இருக்கும் இரண்டாமவர் எழுந்துபோய் மூன்றாமவருக்குக் கைகொடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். கேட்கும்வரை நீங்கள் வாய் திறக்காதீர்கள்.

அதிகம் மடித்தவருக்குப் பரிசு கொடுப்பதை விட்டுவிடுங்கள். அந்த ஒரு பரிசு ஆட்டத்தையே கெடுத்துவிடும்.

இதற்கெல்லாம் அடுத்தடுத்து இரண்டு பாடவேளை வேண்டும். தேர்விலும் ‘ஏழு விரயங்களை எழுதுக’ என்ற கேள்விக்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: மேசைகளில் மொத்தம் 24 காகிதங்கள் கிடக்கின்றன, 20 விநாடிக்கு ஒரு விமானம் வெளிவருகிறது. இப்போது உள்ளே போகும் காகிதம் எப்போது வெளிவரும்? உள்ளே கிடப்பவற்றின் எண்ணிக்கையை, ஒவ்வொன்றும் வெளிவரும் இடைவெளியால் பெருக்கினால் போதும் என்று ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதிப்படி 480 விநாடி, அதாவது 8 நிமிடம். விதியின் பெயர் மறந்துபோன மாணவரும், அந்தக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால், இதைப் போட்டுவிடுவார்.

இப்படிக்கு,
காகிதக் குவியலைப் பொறுக்கிப் பழகிய ஒரு பயிற்றுநர்