பிரசங்கம் முடிந்த பிறகு நடந்ததையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆதித் திருச்சபையின் ஊழியப் பயணங்களைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். குறை சொல்ல முடியாத நடை. ஆனால் பெந்தெகொஸ்தே பண்டிகை நாளில் இயேசுவின் சீஷரான பேதுரு பேசி ஏறக்குறைய 3,000 பேர் சேர்ந்ததில் தொடங்கி, கப்பல், ரோமச் சாலை, அடுத்த பட்டணம் என்று ஓடி ரோமில் போய் முடிந்துவிட்டது. பேசினார்கள், கூட்டம் நம்பியது, மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

அப்படி நடக்கவில்லை. மத்தேயு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இயேசு சொல்வது சீஷராக்குங்கள் (மாணவராக்குங்கள்), ஞானஸ்நானம் கொடுங்கள், நான் கட்டளையிட்டவற்றைக் கைக்கொள்ள உபதேசியுங்கள் என்று. கைக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது ஒரு மாலைக் கூட்டத்தில் ஆகிற காரியமா?

இன்றைய துருக்கியில் இருந்த லீஸ்திரா என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியத்துக்கு வந்த பர்னபாவையும் பவுலையும் தேவர்கள் என்று நினைத்து, எருதுகளும் பூமாலைகளும் கொண்டுவந்து பலியிடப் பார்த்த ஊர் அது. பிறகு வெளியூர்க்காரர்கள் வந்து தூண்டிவிட, அதே ஜனங்கள் பவுலைக் கல்லெறிந்து, செத்துவிட்டார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். ஆனால் பிழைத்தெழுந்த பவுல் மறுநாள் தெர்பை என்ற ஊருக்குப் போனார். உங்கள் கட்டுரை இதுவரை சொன்னது, ஆனால் அப்போஸ்தலர் நடபடிகளில் இதற்கு அடுத்து வரும் வசனங்களை விட்டுவிட்டது. தெர்பையிலிருந்து கிழக்கே போயிருந்தால் மலைக்கணவாய் தாண்டிச் சொந்த ஊரான தர்சுவுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். அவரோ கல்லடி பட்ட அதே லீஸ்திராவுக்குத் திரும்பினார், சீஷர்களைத் திடப்படுத்தவும் சபைக்கு மூப்பர்களை (சபையை நடத்தும் பெரியவர்களை) ஏற்படுத்தவும். என்னைக் கேட்டால் அந்தப் பயணத்தின் உச்சமே இந்தத் திரும்பி வருதல்தான்.

பின்னொரு பயணத்தில் கிரேக்கப் பட்டணமான கொரிந்துவில் பவுல் ஒன்றரை வருஷம் தங்கினார். அங்கே அவர்மேல் வந்த வழக்கைத் தள்ளிவிட்ட ரோம அதிபதி கல்லியோனின் பெயர் தெல்பியில் கிடைத்த கல்வெட்டில் இருப்பதால், அது கி.பி. 51ஐ ஒட்டிய காலம் என்று சொல்ல முடிகிறது. அங்கே ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு கூடாரம் செய்யும் வேலை. பிறகு எபேசு பட்டணத்தில் திறன்னு என்பவருடைய வித்தியாசாலையில் இரண்டு வருஷம் தினமும் சம்பாஷணை. அதே எபேசுவில் அப்பொல்லோ என்ற சாதுரியமான பேச்சாளர் வந்து ஜெபஆலயத்தில் தைரியமாகப் பேசுகிறார், ஆனால் அவருக்கு, இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான் ஸ்நானகனின் ஞானஸ்நானம் மட்டுமே தெரியும். கூடாரம் தைக்கிற அந்தத் தம்பதி சபை நடுவே அவரை மடக்கவில்லை, தங்களோடு சேர்த்துக்கொண்டு இன்னும் திருத்தமாக விளக்கினார்கள். பிரசங்கியாரே சீஷரான கதை இது, கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!

இன்னொன்று. 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) கிடைத்த சுவடியில் 'திதாகே' என்ற பழைய சபை ஒழுங்கு நூல் இருந்தது. ஊர் ஊராக வருகிற அப்போஸ்தலரைக் கர்த்தரைப் போல ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது, ஆனால் ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள், அவ்வளவுதான். மூன்றாவது நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி, கிளம்பும்போது பணம் கேட்டாலும் அப்படியே. வழிப்போக்கராக வருகிறவர் ஊரிலேயே இருக்க விரும்பினால், தொழில் தெரிந்தவர் வேலை செய்து சாப்பிடட்டும் என்கிறது. எவ்வளவு அனுபவப்பட்ட பிறகு இதை எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள் (எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது). அந்தச் சபைகளுக்குப் பேச்சாளர்கள் பஞ்சமில்லை போலிருக்கிறது, கூடவே இருந்து உழைக்கிறவரைத்தான் தேடியிருக்கிறார்கள்.

அடுத்த பகுதி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். சரி, அதில் பயண வரைபடத்தோடு எந்த ஊரில் எத்தனை காலம் தங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பவுலின் உடன் ஊழியரான தீமோத்தேயுவைப் பற்றியும் கொஞ்சம் விரிவாக எழுதச் சொல்லுங்கள், அவர் அந்த லீஸ்திராப் பக்கத்து ஆள்தான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்